ஒரு வீட்டுக் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுத்த நிகழ்வு: ஜூன் 2024 முதல் நவம்பர் 2025 வரை

பதினைந்து வருடமாக வீட்டுக் கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். இந்த நிகழ்வில் ஆலோசனை சொன்னவன் நான்தான். சில முடிவுகள் சரியாக வந்தன, ஒன்று சரியாக வரவில்லை. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர்கள் பெயரும் கடைகளின் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

மதுரையில் ஒரு நடுத்தரக் குடும்பம். அப்பா டூவீலர் மெக்கானிக். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) இரண்டாம் ஆண்டு முடித்து மூன்றாம் ஆண்டுக்குப் போகிறார். மகன் பத்தாம் வகுப்பு.

வீட்டில் இருந்தது 2018-ல் வாங்கிய அசெம்பிள்டு கணினி. இன்டெல் ஐ5-8400 புராசசர், எச்310 மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒரே குச்சியாக, பிறகு சேர்த்த 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மானிட்டர் 18.5 அங்குலம், 1366×768, இணைப்புக்கு வி.ஜி.ஏ. என்ற பழைய வகைப் போர்ட் மட்டும்தான். ஒரு 600 வி.ஏ. யூ.பி.எஸ்.

மகளுக்கு வேலை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் தொடங்கும். அப்புறம் பிளெண்டர் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போய், அதிலுள்ள சைக்கிள்ஸ் என்ற பகுதியில் ரெண்டர் எடுப்பார், அதாவது மாடலை ஒளி நிழலோடு முழுப் படமாக மாற்றுவார். கட்டடத்துக்குள் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று காட்டும் ஒரு படத்துக்கு 52 நிமிடம் ஆனது. சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் இப்படி ஆறு, ஏழு படங்கள் எடுக்க வேண்டியிருக்கும். மகனுக்கு வேலரண்ட் என்ற கேம் விளையாட வேண்டும், படம் அவ்வப்போது தடங்கித் தடங்கி நின்றது.

முதல் கார்டு

என்னிடம் வருவதற்கு முன்பே ஏப்ரலில் ஒரு கிராபிக்ஸ் கார்டு (படக் கணக்குகளுக்கென்று கணினிக்குள் மாட்டும் தனிப் பலகை) வாங்கியிருந்தார்கள். "4 ஜி.பி. கார்டு, எல்லாம் ஓடும்" என்று கடையில் சொன்னதை நம்பி 4,200 ரூபாய் கொடுத்திருந்தார்கள். அது ஜி.டி. 730. மாட்டிப் பார்த்தால் ரெண்டருக்கு அதே 52 நிமிடம், கேம் அதே தடங்கல். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடையில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதே கார்டை இதே காரணத்துக்காக வாங்கிவிட்டு வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

ஜி.டி. 730 வெளிவந்தது 2014-ல். அதில் இருக்கும் 4 ஜி.பி. பழைய டி.டி.ஆர்.3 மெமரி. மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் பாதை 64 பிட் அகலம். இந்த வகைக் கார்டில் நொடிக்கு 14.4 ஜி.பி. அளவுதான் தகவல் போய்வர முடியும். அந்த மதர்போர்டில் ஏற்கெனவே இருந்த ஒற்றை டி.டி.ஆர்.4-2666 ரேம் குச்சியோ நொடிக்கு 21.3 ஜி.பி. கொடுக்கும். அதாவது புராசசருக்குள்ளேயே இருக்கும் யூ.எச்.டி. 630 கிராபிக்ஸுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த மெமரி வேகத்தைவிடக் குறைந்த வேகமுள்ள ஒன்றைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பின்னால் பேச்சில் வரும் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் இதே கணக்கு நொடிக்கு 360 ஜி.பி. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஜி.பி. எண் மெமரியின் கொள்ளளவைச் சொல்லும். வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. போதாததற்கு ஜி.டி. 730 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சிப்பும் வெவ்வேறு மெமரியும் உள்ள மூன்று வகைகள் விற்பனைக்கு வந்தன. பெயரை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு எது கையில் வரும் என்று தெரியாது.

மே மாதம் அந்த அம்மாவுக்குச் சீட்டுப் பணம் 25,000 ரூபாய் வந்தது. "தம்பி, இந்தத் தடவை தப்பாப் போயிடக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தை என் முடிவுகளை எந்தப் பக்கம் தள்ளியது என்பது பின்னால் வரும்.

கவனித்தவை

ஜூன் முதல் வாரம் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கார்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. வழக்கமாக எப்படி வேலை செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு கணினியில் எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கெட்ச்அப்பும் போட்டோஷாப்பும் பிரவுசரும் திறந்ததுமே ரேம் 8 ஜி.பி.யில் 7.6 நிரம்பிவிட்டது. மாடலைச் சுழற்றும்போது வந்த திணறல் ரேம் போதாததால் வந்தது, கிராபிக்ஸால் அல்ல. ஸ்கெட்ச்அப் பெரும்பாலும் புராசசரின் ஒரே ஒரு கோரை (கணக்குப் போடும் பகுதியை) நம்பி ஓடும் மென்பொருள் என்பதால், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அங்கே பெரிய வித்தியாசம் வராது. சைக்கிள்ஸ் ரெண்டர் விஷயம் வேறு. ஆறு கோர்களும் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல கார்டு இருந்தால் அந்த வேலை முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

வேலரண்ட் எடை குறைந்த கேம். மகனுடைய தடங்கலுக்கு முக்கியக் காரணம் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தது என்றே தோன்றியது. புராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், கணினியின் ரேமைத்தான் தன் மெமரியாக வைத்துக்கொள்ளும். இரண்டாவது குச்சி போட்டால் பாதை இரட்டிப்பாகும். மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ்தான். நொடிக்கு 60 படத்துக்கு மேல் எவ்வளவு வந்தாலும் அதில் காட்ட முடியாது.

அடுத்து கேபினெட்டைத் திறந்தேன். கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மேல் "450 வாட்" என்று ஸ்டிக்கர். கையில் தூக்கினால் எடையே இல்லை. பக்கவாட்டில் இருந்த சின்ன அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு எதிரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. இன்றைய கணினியில் புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட் பாதையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. ஆகவே அது நமக்கு 450 வாட் பெட்டி ஆகாது, 192 வாட் பெட்டிதான். கார்டுக்கான 8-பின் வயரும் அதில் இல்லை.

யூ.பி.எஸ். 600 வி.ஏ. என்றால் தாங்கும் சுமை 360 வாட். பேட்டரிக்கு நாலு வயது. கரண்ட் போனால் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருப்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

இந்தப் பழைய கணினிக்குச் செலவு செய்யலாமா என்பதுதான் முதல் கேள்வி. செய்யலாம் என்றேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடியும் என்று அப்போதே தெரியும். இன்டெல்லில் விண்டோஸ் 11-ஐ முறையாக ஏற்கும் வரிசை எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. ஐ5-8400 அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வது என்று அடுத்து முடிவு செய்தோம். முதலில் 1,650 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜி.பி. ரேம் குச்சி, அதோடு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் எது சரியானது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ரேம் போட்ட அன்றே ஸ்கெட்ச்அப் திணறல் பெருமளவு நின்றது. ஜி.டி. 730-ஐக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகவே கேமை ஓட்டினோம். அமைப்புகளைக் குறைத்து வைத்தபோது மகன் விளையாடும் அளவுக்கு வந்துவிட்டது. ரெண்டர் மட்டும் அதே 52 நிமிடம். ஆகவே கார்டு வேண்டியது ரெண்டருக்கு மட்டும்தான் என்பது தெளிவானது.

மதுரையில் இரண்டு கடைகளிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்த ஒரு கடையிலும் விலை கேட்டோம். மேசையில் வந்தவை இவை.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை உடனே ஒதுக்கினேன். கார்டு மதர்போர்டில் மாட்டும் பி.சி.ஐ. ஸ்லாட்டின் தகவல் பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்தும் கார்டு அது. மெமரி 4 ஜி.பி. மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. ஸ்லாட் உள்ள இந்த மதர்போர்டில் மெமரி நிரம்பியதும் வேகம் சட்டென்று விழும். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் கிடையாது.

பழைய ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் ஒன்று 9,500-க்கு வந்தது. 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்துவிட்டன. அவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பில்லும் வாரண்டியும் இல்லாத ஒன்றை, ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்த வீட்டுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆர்.எக்ஸ். 6600 விலை 20,600. மெமரி 8 ஜி.பி., 132 வாட். கேமில் 3050-ஐத் தெளிவாக முந்தும். சைக்கிள்ஸிலோ, என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். கார்டுகள் ஆப்டிக்ஸ் என்ற முறையில் ஒளிக்கதிர்க் கணக்கைத் தனி வன்பொருளில் போடுவதால், அந்த முன்னிலை கரைந்துவிடும். கல்லூரியில் சீனியர்கள் பயன்படுத்திய வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளின் கிராபிக்ஸ் கார்டு முறையும் அப்போது என்விடியாவில் மட்டுமே ஓடியது. மகளே இதைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்.

ஆர்.டி.எக்ஸ். 3060, 12 ஜி.பி., விலை 25,800. 170 வாட். எஸ்.எம்.பி.எஸ்., ரேம் சேர்த்தால் 30,550. கையிருப்பைவிட 5,550 அதிகம்.

ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி., விலை 17,400. 2024 பிப்ரவரியில் வந்த வகை. 70 வாட்தான். பி.சி.ஐ. ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனி மின் வயர் தேவையில்லை. இதே 3050 பெயரில் 2022-ல் வந்த 8 ஜி.பி. வகை வேறு கார்டு. அது 130 வாட், வேகமும் கூடுதல். கடையில் கேட்கும்போது இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் 3050, 6 ஜி.பி.யை எடுத்தோம். பட்ஜெட்டுக்குள் வந்தது, மின்சாரம் குறைவு, யூ.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டியதில்லை, அவர் அன்று செய்துகொண்டிருந்த வேலைக்கு 6 ஜி.பி. போதும். 70 வாட் கார்டுதானே, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸே போதாதா என்று அப்பா கேட்டார். கணக்குப்படி ஓடிவிடும்தான். ஆனால் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ரெண்டர் ஓடும் கணினியில், கோடைகால வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை நம்ப நான் தயாராக இல்லை. "வண்டிக்குப் புது இன்ஜின் போட்டுட்டு பழைய பிரேக்கை விட்டுவைப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவருக்கு அது உடனே புரிந்தது. பெயருள்ள கம்பெனியின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். 3,100-க்கு வாங்கினோம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு 800 ரூபாய் குறைவு. மதுரையிலேயே வாங்கினோம், ஜி.எஸ்.டி. பில்லோடு. பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். மூன்று வருட வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம் என்பதால் மறுத்துவிட்டோம்.

பொருத்திய வாரம்

ஜூன் கடைசியில் பொருத்தினோம். மானிட்டர் வயரைச் செருகப் போனபோதுதான் கார்டில் வி.ஜி.ஏ. இல்லை என்பது என் தலையில் ஏறியது. ஜி.டி. 730-ல் வி.ஜி.ஏ. இருந்ததால் அது யார் கண்ணிலும் படவே இல்லை. நோட்டில் எழுதி வைத்திருந்த நானே அடாப்டர் வாங்காமல் போயிருந்தேன். நாளை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேறு வேலையில் மூன்று நாள் ஆகிவிட்டது.

அந்த மூன்று நாளில் மகன் வி.ஜி.ஏ. வயரை மதர்போர்டில் செருகியிருக்கிறான், படமும் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் போன் செய்தான். "அண்ணே, கார்டு டூப்ளிகேட் போல. கேம் முன்ன மாதிரியேதான் ஓடுது." பின்னணியில் அக்கா, ரெண்டர் வேகமாகிவிட்டதே என்று வாதாடிக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு நாளாக இதே சண்டை. மறுபடியும் ஏமாந்துவிட்டோமோ என்று அம்மா தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அது என் கவனக்குறைவால் வந்த கவலை.

இருவர் சொன்னதும் உண்மைதான். மானிட்டர் எந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்பது சைக்கிள்ஸுக்குப் பொருட்டல்ல. கணக்குப் போட எந்தக் கார்டைச் சொன்னோமோ அதில் போடும். கேமோ அங்கே மானிட்டர் மாட்டியிருந்த பக்கமே, அதாவது பழைய யூ.எச்.டி. 630-லேயே ஓடிக்கொண்டிருந்தது. 350 ரூபாய்க்கு, உள்ளே சிப் உள்ள எச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. அடாப்டர் வாங்கிக் கார்டிலேயே மாட்டியதும் சரியாகிவிட்டது. அவர்கள் மனம் ஆற வேண்டும் என்பதற்காக ஜி.பி.யூ.-இசட் என்ற இலவசக் கருவியையும் ஓட்டிக் காட்டினேன். பழைய சிப்பில் புதுப் பெயரை ஏற்றி விற்கும் போலி என்விடியா கார்டுகளை அது அடையாளம் காட்டும். இது அசல்தான்.

யூ.பி.எஸ்.ஸுக்கு 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி 950-க்கு மாற்றினோம். மொத்தச் செலவு 23,450 ரூபாய்.

பின்வந்தவை

52 நிமிடம் எடுத்த அதே படம் 7 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. மானிட்டரையும் சேர்த்து அளந்தபோது ரெண்டர் நேரத்தில் 170 வாட் ஓடியது. கரண்ட் போனால் பாதுகாப்பாக நிறுத்தும் அளவுக்கு யூ.பி.எஸ். தாங்கியது. மூன்றாம் ஆண்டு முழுக்க எந்தக் குறையும் இல்லை.

2025 ஆகஸ்டில், நான்காம் ஆண்டில், ஒரு குடியிருப்பு வளாகம் முழுவதையும் அவர் மாடல் செய்தார். சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு ரெண்டர் பாதியில் நின்று, மெமரி போதவில்லை என்ற செய்தி வந்தது. வேறு வழியில்லாமல் புராசசரில் ஓடவிட்டு விடியும்வரை காத்திருந்து, இரண்டே படங்களோடு கல்லூரிக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் கோப்பைத் திறந்து இருவரும் பார்த்தோம். சுவர் போன்ற பரப்புகளின் மேல் ஒட்டுவதற்கு 4கே படங்கள் போட்டிருந்தார். 4096×4096 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் மெமரியில் 64 எம்.பி. எடுக்கும். டிஸ்க்கில் ஜே.பெக். கோப்பாக 5 எம்.பி. இருந்தாலும் கார்டுக்குள் விரிந்துவிடும். ஒரு செங்கல் சுவருக்கு நிறம், சொரசொரப்பு, மேடு பள்ளம் போன்றவற்றுக்காக நாலு படம், ஆக 256 எம்.பி. இப்படி இருபது பரப்புகள் இருந்தால் 5 ஜி.பி. கார்டில் இருப்பதே 6.

மரங்கள் தனிக் கதை. 140 மரங்களையும் ஷிஃப்ட்-டி அழுத்திப் பிரதி எடுத்திருந்தார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மரமும் தனித்தனி வடிவமாக மெமரியில் உட்காரும். ஆல்ட்-டி அழுத்தினால் ஒரே வடிவத்தை 140 இடத்தில் காட்டும். மரங்களை அப்படி மாற்றி, தூரத்தில் இருக்கும் சுவர்களுக்கு 2கே படங்களைப் போட்டோம். 2கே படம் ஒன்றுக்கு 16 எம்.பி.தான். அதே காட்சி 6 ஜி.பி.க்குள் அடங்கி, 23 நிமிடத்தில் முடிந்தது.

மாற்றிச் செய்வதென்றால்

"இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று இரண்டு மணி நேரம் பார்த்த நான், "நான்காம், ஐந்தாம் ஆண்டில் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு, வருடத்துக்கு வருடம் மாடல் பெரிதாகும். ஒரு சீனியர் கோப்பைத் திறந்து பார்த்திருந்தாலே 6 ஜி.பி. பத்தாது என்று தெரிந்திருக்கும். வேகம் குறைந்த கார்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருந்தால் வேலை முடிந்துவிடும். மெமரி பத்தாத கார்டில் ரெண்டர் நின்றே போகிறது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தும் அதற்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரிய தவறு. ரேமைப் போட்டு ஸ்கெட்ச்அப்பும் கேமும் சரியான பிறகு, கார்டை நான்கைந்து மாதம் தள்ளிப்போட்டு 3060, 12 ஜி.பி. வாங்கும் வழி திறந்தே இருந்தது. அந்த மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்தை 52 நிமிட ரெண்டரோடு ஓட்ட வேண்டியிருக்கும், யூ.பி.எஸ்.ஸுக்கும் இன்னும் கொஞ்சம் செலவாகியிருக்கும். அது அவர்கள் எடைபோட வேண்டிய விஷயம். நான் அந்த வழியை அவர்கள் முன் வைக்கவே இல்லை. தப்பாகப் போய்விடக் கூடாது என்ற அந்தப் பேச்சு மனதில் இருந்ததால், பணத்துக்குள் அடங்குவதே பாதுகாப்பு என்று எனக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன்.

ரேமை முதலில் போட்டது, எஸ்.எம்.பி.எஸ். மாற்றியது, பில் வாங்கியது, இவற்றில் எதையும் மாற்ற மாட்டேன். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 8-பின் வயர் இருக்கிறது, பெரிய கார்டு வந்தாலும் அது போதும். அடாப்டரைப் பொருத்தவரை, இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் மானிட்டரின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

செப்டம்பரில் அந்த வீட்டுக்குப் போய், முன்பே சொல்லியிருக்க வேண்டியதை எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். அப்பா ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டு தீசிஸ் 2026 ஜூனில் தொடங்குகிறது. அதற்காக அம்மா இன்னொரு சீட்டில் சேர்ந்திருக்கிறார், ஏப்ரலில் முடிகிறது. மகள் இப்போது ஒவ்வொரு கோப்பு முடியும்போதும் மெமரி எவ்வளவு எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறார். நவம்பர் வரை பதினோரு கோப்புகள் அதில் இருக்கின்றன, பெரியது 5.6 ஜி.பி. தொட்டிருக்கிறது. அடுத்த கார்டை அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவது என்று வைத்திருக்கிறோம்.